வெள்ளைக் காரில் போன அம்மா

1

என் வேலை சாம்பல் நிறத்தை உற்றுப் பார்ப்பது. ஊரிலிருந்து யாராவது "ஜெர்மனியில என்னங்க பண்றீங்க?" என்று கேட்டால் அப்படித்தான் சொல்கிறேன். கார்களுக்குப் பெயின்ட் தயாரிக்கும் ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். போன வாரத்துச் சாம்பலும் இந்த வாரத்துச் சாம்பலும் ஒன்றுதானா என்று, பெயின்ட் அடித்த தகடுகளை ஒரு விளக்குக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் துணிச்சாயம் பற்றிப் படித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தவள் நான். அங்கே கிளிப்பச்சை, கத்திரிப்பூ, கனகாம்பரம் என்று ஒரே நாளில் அத்தனையும் நகக்கண்ணில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து தட்டில் கை வைத்தால் அம்மா, "கையக் கழுவிட்டு வா அம்மணி, சோறு கலராயிரும்" என்பார். இங்கே கையுறையைக் கழற்றினால் கை கழுவ வேண்டிய அவசியமே இருக்காது.

ஆரம்பத்தில் எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று. ஆனால் நம்புங்கள், சாம்பல் ஒரு நிறமே இல்லை, அது ஒரு கூட்டம். ஒன்றில் ஒரு பொட்டு நீலம் இருக்கும். ஒன்றில் பச்சை. இன்னொன்றில் மழைக்கு முந்தி வானத்தில் தெரியுமே ஓர் ஊதா, அது இருக்கும். தலைமுடியைவிட மெல்லிய பூச்சுக்குள்ளே உலோகத் துகள்கள் பாய் விரித்தாற்போலப் படுத்துக் கிடக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரி படுத்தால்தான் கார் முழுக்க ஒரே நிறம். படுக்கிற விதம் மாறினால் கதவு ஒரு நிறமாகவும் பானெட் வேறு நிறமாகவும் தெரியும். முதல் தடவை நுண்ணோக்கியில் அதைப் பார்த்தபோது வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சாலையில் போகிறவர்கள் கண்ணில்கூடப் படாத ஒரு நிறத்துக்கு இவ்வளவு பாடா! இன்றைக்கும் அந்தப் பிரமிப்பு போகவில்லை.

என் மகன் கவின் இதை "சாம்பார் கலர்" என்பான். சின்னவனாக இருந்தபோது தெரியாமல் சொன்னான், இப்போது கல்லூரிக்குப் போன பிறகு வேண்டுமென்றே சொல்கிறான். அவனுக்கு மிஞ்சியிருக்கும் தமிழில் பாதி இப்படித்தான். அதுவாவது இருக்கிறதே என்று நானும் திருத்துவதில்லை.

2

ஒரு நாள் காலை அந்த விளக்கின் கீழ்தான் நின்றுகொண்டிருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து தம்பி செந்தில் கூப்பிட்டான். அன்றைக்கு எங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணம், கல்யாணப் படம் ஏதாவது அனுப்பியிருப்பான் என்று நினைத்து எடுத்தேன்.

"அக்கா, அம்மாவைக் காணோமுங்க்கா."

நடந்தது இதுதான். சரவணம்பட்டிப் பக்கம் மண்டபம். பந்தியில் உண்டுவிட்டு வந்ததும் அம்மாவுக்குக் கால் கடுத்திருக்கிறது. "நீங்க போயி வண்டியில உக்காருங்கம்மா, நான் சொல்லிட்டு வாரேன்" என்று செந்தில் அனுப்பிவிட்டான். அம்மாவின் பையும் போனும் அவன் மனைவியிடம். கொஞ்ச நேரம் கழித்து இவர்கள் போய்ப் பார்த்தால் வண்டி இருக்கிறது, அம்மா இல்லை.

எங்கள் வீட்டு வண்டி வெள்ளை. அன்றைக்கு அந்த மண்டபத்து வாசலில் நின்றவற்றில் பாதிக்கு மேல் வெள்ளை. மண்டபத்துக் கேமராவைப் போட்டுப் பார்த்தார்களாம். வெள்ளைக் கார் ஒன்று போகிறது, அதன் பின்னால் இன்னொரு வெள்ளைக் கார், அதன் பின்னால் இன்னொன்று. எதில் யார் இருக்கிறார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

பக்கத்து ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறான். அங்கிருந்த போலீஸ்காரர் நல்ல மனுஷன், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

"எந்தக் காருல ஏறுனாங்கன்னு ஏதாச்சும் தெரியுங்களா?"

"வெள்ளைக் காருங்க சார். வேற காரை நம்ம காருன்னு நெனச்சு ஏறிப்போட்டாங்களாட்ட இருக்குது."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம். "ஏனுங்க, வெள்ளைக் காருன்னு சொன்னா நான் கோயம்புத்தூரையே நிறுத்தோணுமுங்க."

இங்கே நான் என் மேலாளரிடம் ஓடினேன். பதற்றத்தில் என் ஜெர்மன் காலை வாரிவிட்டது. என் அம்மாவை யாரோ தெரியாமல் வண்டியில் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்வதற்குப் பதிலாக, கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் வெளிறிப்போய்த் தூதரகம், போலீஸ் என்று எண்களைத் தேட ஆரம்பித்துவிட்டார். கவினுக்குப் போன் செய்தால், "பாட்டிக்கு ஒரு டேக் மாட்டிவிட வேண்டியதுதானே அம்மா" என்று ஜெர்மனில் சொன்னான். கெட்ட எண்ணமில்லை. தொலைந்தால் இடத்தைக் காட்டச் சாவிக்கொத்துக்கு மாட்டுவதைப் பாட்டிக்கும் மாட்டலாம் என்று அவனுக்குத் தோன்றுகிறது. எனக்குத்தான் சுருக்கென்றது.

மத்தியானத்துக்குள் தகவல் வந்துவிட்டது. அம்மா சத்தியமங்கலத்தில் இருக்கிறார். உண்டுவிட்டு, காபி குடித்துவிட்டு, ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறார்.

3

அம்மா ஏறிய வண்டிக்காரர்கள் பெண் வீட்டுக்குச் சொந்தம். வண்டியை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டுவிட்டு, சொல்லிக்கொண்டு வர உள்ளே போயிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அம்மா வந்து பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணசந்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் பட்டுச்சேலையும் பூவுமாக ஒரு பெரியம்மா உள்ளே இருக்கிறார்.

வேறு ஊராக இருந்தால் தட்டி எழுப்பி, "யாரம்மா நீங்க?" என்று கேட்டிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டில் அப்படிக் கேட்டுவிட முடியுமா? "என்னைத் தெரியலீங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டால் மானம் போயிற்று. அது தலைமுறைக்கும் நிற்கும். அதுவுமில்லாமல், போகிற வழியில் இவரை இறக்கிவிடுங்கள் என்று ஒரம்பரையில், அதாவது சொந்தபந்தத்தில், யாராவது யாரையாவது ஏற்றிவிடுவது சகஜம். வண்டி ஓட்டிய அந்த வீட்டு மாப்பிள்ளை, தன் மாமியார் ஏற்றியிருப்பார் என்று நினைத்தார். மாமியார், சம்பந்தி வீட்டில் ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்தார். ஒருவர்கூடக் கேட்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. நடுவில் "எந்தூருங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அரைத்தூக்கத்தில் பிறந்த ஊரைச் சொல்லிவிட்டதாக அம்மா சொன்னார். அது சத்தியமங்கலம். அப்புறம் சந்தேகத்துக்கு ஏது இடம்?

வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் அம்மா நன்றாக விழித்துக்கொண்டு, "நானு சிங்காநல்லூருங்க, என்ற பையன் செந்திலுங்க" என்று சொன்னாராம். அவர்கள் பெண் வீட்டைப் பிடித்து, அவர்கள் மூலம் செந்திலைப் பிடித்தார்கள். அவன் போய்ச் சேர்ந்தபோது ரவிக்கைத்துணி, வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம் எல்லாம் வைத்துத் தட்டோடு நின்றிருக்கிறார்கள். "என்னங்க்கா இது, காணாமப் போனவங்களுக்குச் சீர் செஞ்சு அனுப்பறாங்க" என்றான் செந்தில். அழுகிறானா சிரிக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மேலாளரிடம், கடத்தல் இல்லை என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இத்தனை பேரில் ஒருவர்கூட ஏன் அவர் யார் என்று கேட்கவில்லை?" அதைச் சொல்ல என்னிடம் ஜெர்மன் இல்லை. ஊருக்குப் போக நான் கேட்ட லீவை மட்டும் உடனே கொடுத்துவிட்டார்.

4

அன்றிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. வேலைக்குப் போகிற ரயில் ஒரு கார் ஆலையை ஒட்டிப் போகும். கப்பலுக்குக் காத்திருக்கும் கார்கள் கண்ணுக்கெட்டிய மட்டும் நிற்கும். வெள்ளை, சாம்பல், கறுப்பு, மறுபடி சாம்பல். எங்கேயாவது ஒரு சிவப்பு தட்டுப்பட்டால் ரயிலே திரும்பிப் பார்ப்பது போல இருக்கும். இத்தனை வருஷம் அதில் என் பங்கும் இருக்கிறது என்று பெருமையாகப் பார்த்தவள், இப்போது இதில் எதில் அம்மா ஏறினால் நான் கண்டுபிடிப்பேன் என்று பார்த்தேன். 

ஏன் இப்படி என்று ஆலையில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நிறையக் கார்களைக் கம்பெனிகள் மொத்தமாக எடுத்து வாடகைக்கு விடுகின்றன. கம்பெனிக்கு எதற்கு மஞ்சள்? விற்பனைக்காரர் போன வருஷம் விற்ற நிறத்தையே இந்த வருஷமும் வாங்கி நிறுத்துகிறார். நின்றதைத்தான் நாம் வாங்குகிறோம். நாம் வாங்கியதைப் பார்த்து அவர் மறுபடி அதையே வரவழைக்கிறார். நம்மூரில் வெயிலுக்கு வெள்ளை நல்லது என்பார்கள், தூசிக்குச் சாம்பல். எல்லாம் உண்மைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று இருக்கிறது. நாளைக்கு விற்க வேண்டும், அன்றைக்கு வருகிற ஆளுக்குப் பிடிக்க வேண்டும். அவன் யார், என்ன பேர், எந்த ஊர் எதுவும் தெரியாது. இன்னும் வராத அந்த ஆளுக்குப் பிடித்த நிறத்தில்தான் நாம் எல்லோரும் வண்டி ஓட்டுகிறோம். அவனும் தனக்குப் பின்னால் வருகிறவனை நினைத்துத்தான் வாங்குவான். நினைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது! கூட்டம் போடாமல், கையெழுத்துப் போடாமல், உலகம் மொத்தமும் இப்படி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறதே.

செந்தில் அனுப்பிய கல்யாணப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மண்டபத்துக்குள்ளே அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, ராமர் பச்சை என்று கண்ணைப் பறிக்கிறது. வாசலில் அவர்களை ஏற்றிப்போக நிற்பது எல்லாம் வெள்ளை. இவ்வளவு நிறத்தையும் அந்த வெள்ளைக்குள் எப்படி அடைத்து ஊருக்குக் கொண்டுபோகிறார்களோ!

5

நான் சிங்காநல்லூர் போய்ச் சேர்ந்தபோது வீட்டின் கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது.

செந்தில் கெட்டவன் இல்லை. மோட்டார் பம்ப்புக்கு உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறான், நாள் முழுக்க அதன் பின்னால் ஓடுகிறான். பயந்துவிட்டான், அவ்வளவுதான். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டான். மருத்துவரிடம் கூட்டிப் போனான். அவர் என்ன கிழமை, என்ன மாதம், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க, அம்மா எல்லாம் சொல்லிவிட்டு, "உங்க நர்ஸம்மா காபி குடிச்சுப்போட்டு டம்ளரை ஜன்னல்ல வெச்சுட்டுப் போயிருச்சுங்க, அவங்களுக்கு ஞாபகப்படுத்துங்க" என்றும் சொன்னாராம். ஒன்றும் இல்லை என்றுதான் மருத்துவர் சொல்லியிருக்கிறார். செந்திலுக்கு நம்பிக்கை வரவில்லை. தெரியாதவர்கள் காரில் சத்தியமங்கலம் வரைக்கும் போகிறவர் எப்படிச் சரியாக இருக்க முடியும்? செவ்வாய் தவறாமல் கோயிலுக்கு நடந்து போவார், அது நின்றது. டவுன் பஸ் ஏறித் தங்கை முறையாகிற ஒருத்தியைப் பார்க்கப் போவார், அதுவும் நின்றது.

நான் அம்மாவுக்காக வாதாடினேன். "அத்தனையும் வெள்ளையா இருந்தா யாருக்குத்தான்டா தெரியும்? வேற கலர் வண்டியா இருந்தா அம்மா ஏறியிருப்பாங்களா?" பேசிப் பேசி ஒரு வழிக்குக் கொண்டுவந்தேன். வண்டியை மாற்றுவது. எந்த வாசலில் நின்றாலும் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கிற மாதிரி சிவப்போ ஆரஞ்சோ வாங்குவது. அதற்கப்புறம் பூட்டை எடுத்துவிடுவது. செந்தில் ஒத்துக்கொண்டான். எனக்கு அவ்வளவு பெருமை! பத்து விரலிலும் சாயம் இருந்த காலத்துக்கப்புறம் முதல் தடவையாக ஒரு நிறத்தால் யாருக்கோ நல்லது செய்யப்போகிறேன்.

அன்று மதியம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். செந்தில் பட்டறையில். நான் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா கேட்டேன்.

"அம்மா, சத்தி போற வரைக்கும் நெசமாவே தூங்கிட்டா இருந்தீங்க?"

அம்மா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "தூக்கமா? அவிங்க வந்து ஏறுனப்பவே முழிச்சுட்டேன்."

"என்னம்மா சொல்றீங்க!"

"எறங்கலாம்னுதான் கண்ணு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அந்தம்மா, 'ஏனுங்க, காலு நோவுதுங்களா, நீட்டிக்கிட்டு நல்லா உக்காருங்க'ன்னு சொல்லிப்போட்டா. ஆமாங்க நோவுதுங்கன்னேன். எந்தக் காலுங்கன்னு கேட்டா. எடது காலுங்கன்னேன். எத்தனை நாளா, காலையில எச்சா இருக்குதா சாயங்காலம் எச்சா இருக்குதா, என்ன தைலம் போடறீங்க... ஒண்ணொண்ணாக் கேக்கறா. பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள கோவில்பாளையம் தாண்டிருச்சு. அப்புறம் அவ கதையச் சொன்னா. நாயம் பேசிட்டே அன்னூரு வந்துருச்சு."

"செந்தில் தேடுவானேன்னு தோணலியா?"

"தோணுச்சு. இந்தா இப்பச் சொல்லிப்போடலாம், இந்தா இப்பச் சொல்லிப்போடலாம்னு இருந்தேன். சொன்னா எறக்கி உட்ருவாங்களே கண்ணு." கீரைத் தண்டை ஒடித்து ஒதுக்கினார். "செந்திலு தங்கமான பையன். காலு வலிக்குதுன்னா அந்த நிமிசம் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருவான். எந்தக் காலுன்னுதான் கேக்க மாட்டான்."

எனக்கும்தான் அது எந்தக் கால் என்று தெரியாது. வாரா வாரம் போனில் பேசுகிறவள் நான்.

"அப்ப அவன்கிட்டச் சொல்லிரலாம்மா. மறதி இல்லேன்னு தெரிஞ்சா பூட்டை எடுத்துருவான்."

"சொல்லிப்போடாதே!" அம்மா சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியாமப் போனேன்னு இருந்தாப் பயம்தான் இருக்கும் அவனுக்கு. தெரிஞ்சுதான் போனேன்னா மனசு ஒடஞ்சுபோயிருவான். மறதின்னே இருந்துட்டுப் போகட்டும்."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத துகள்களை வரிசையாகப் படுக்க வைக்கிற விஞ்ஞானத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மகன் மனசு நோகக்கூடாது என்று மறதிக்காரி என்ற பேரைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, பூட்டின கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்து கீரை ஆய்கிற இந்தப் பெண்பிள்ளையைப் போல ஒருத்தியைப் பார்த்ததில்லை. இவர் வயிற்றிலா நான் பிறந்தேன் என்று இருந்தது.

6

ஷோரூமில் சிவப்பு இல்லை.

"ரெட்டு புக் பண்ணிட்டு வெயிட் பண்ணோணுங்க மேடம். ஆரஞ்சு வர்றதே இல்லீங்க. ஒயிட்டு, சில்வர், கிரே உடனே இருக்குதுங்க. ஒயிட்டுன்னா ரீசேலும் நல்லா இருக்குமுங்க" என்றார் விற்பனைக்காரர். நான் விடவில்லை. நான் யார், என்ன வேலை பார்க்கிறேன் என்றெல்லாம் சொல்லி, காத்திருக்கிறோம் சிவப்புதான் வேண்டும் என்று மல்லுக்கு நின்றேன். செந்தில் பட்டறையிலிருந்து வந்த போனில் பேசியபடி கண்ணாடிச் சுவர் ஓரமாக நடந்துகொண்டிருந்தான். அம்மாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம்.

போனை முடித்துவிட்டு அவன் திரும்பியபோது நாற்காலி காலி.

அவன் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. வெளியே ஓடினான், நான் அவன் பின்னால் ஓடினேன். வாசலில் ஒரு குடும்பம் அப்போதுதான் வண்டியெடுத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தது. வெள்ளைக் கார். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே அம்மா கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்த வீட்டு அம்மாள். இருவர் கையிலும் லட்டு. அம்மா என்னவோ சொல்ல, அந்த அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செந்தில் கத்தப் போகிறான் என்று நினைத்தேன். அவன் நின்றுவிட்டான். 

"அக்கா," என்றான் மெதுவாக. "அம்மா இப்படிச் சிரிக்குமுங்களா?"

சத்தி வரைக்கும் இப்படித்தான் போனார் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அம்மா அவனைப் பார்த்துவிட்டார். எங்கே திட்டுவானோ என்று முகம் சுருங்கியது. அப்புறம் துணிந்து, "சாமி, இவிங்க ஆனைமலைக்குப் போறாங்களாமா. வண்டிக்குக் கோயில்ல பூசை போட்டுட்டுப் பொழுதோட திரும்பிருவாங்களாமா. என்னையும் வரச் சொல்றாங்க. போயிட்டு வந்தர்றனே?" என்றார்.

"அனுப்பி வைங்க தம்பி, பத்திரமாக் கொண்டாந்து உட்டுர்றோம்" என்றார் முன்சீட்டிலிருந்தவர். அவரும் நாங்கள் யார் என்று கேட்கவில்லை.

செந்தில் போனை எடுத்தான். அவர்கள் நம்பரை வாங்கப் போகிறான் என்று நினைத்தேன். அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஏனுங்க," என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. "இன்னும் ஒருத்தருக்கு எடம் இருக்குங்களா?"

அம்மா அவனையே பார்த்தார். பிறகு காலை மடக்கி உள்ளே தள்ளி உட்கார்ந்தார். அவன் ஏறிக் கதவைச் சாத்தியதும் வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. திருச்சி ரோட்டில் போய்ச் சேர்ந்ததும் அத்தனை வெள்ளைக் கார்களுக்கு நடுவில் அது எது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை தேடவும் தோன்றவில்லை.

விற்பனைக்காரர் பின்னாலேயே வந்து நின்றார். "அப்பக் கலரு என்னங்க மேடம் போடட்டும்?"

"வெள்ளையே போடுங்க" என்றேன்.